ஓட்டம் குறைந்தபோது அடங்கிய நாய்: கோவைக் குடும்பம் ஒன்றில் வளரும் பார்டர் கோலி கலப்பினம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வருகையும் முறையீடும்

பதினான்கு மாத வயதுடைய, கருத்தடை செய்யப்பட்ட, 17 கிலோ எடையுள்ள கலப்பினப் பெண் நாய் ஒன்று, குழந்தைகளைக் கடிக்கிறது என்ற முறையீட்டுடன் பிப்ரவரி மாத இறுதியில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. நாயை இங்கே சிட்டு என்று அழைக்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தாய், பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் வளரும், ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலி. தந்தை எது என்று உறுதியாகத் தெரியாது. தோப்பைச் சுற்றித் திரியும் நாட்டு நாய்களில் ஒன்றாக இருக்கலாம் என்பது தோப்புக்காரரின் ஊகம். கறுப்பும் வெள்ளையுமான நிறத்தையும் முகச்சாயலையும் தாயிடமிருந்து பெற்றிருந்த சிட்டுவுக்கு, முடி குட்டையாகவும் கால்கள் நெடிதாகவும் இருந்தன. ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று நுனி மடிந்தும் நின்றன.

வீட்டு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனின் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து வந்து கவ்வியதில் தோல் கிழிந்து இரத்தம் வந்ததுதான் உடனடிக் காரணம். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருந்தபோதும், பெற்றோர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, சிறுவனை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசியைத் தொடங்கியிருந்தனர். நம் வீட்டு நாய்தானே என்று இதைத் தள்ளிப்போடும் குடும்பங்களை அடிக்கடி பார்ப்பதால், இவர்கள் செய்தது சரி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சிறுவனின் தந்தையின் கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தது. இன்னும் எவ்வளவு ஓட்டினால் இது அடங்கும் என்று கேட்டார்.

குடும்பமும் அன்றாடமும்

தந்தை மோட்டார் பம்பு தயாரிக்கும் ஆலையில் ஷிப்ட் முறையில் பணிபுரிகிறார். தாய் வீட்டிலிருந்தே கணினிப் பணி செய்கிறார். பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும், காங்கேயம் பக்கத்திலிருந்து வந்து இவர்களுடன் தங்கியிருக்கும் பாட்டியும் வீட்டில் உள்ளனர். நகரின் மேற்குப் புறத்தில் சுற்றுச்சுவரோடு கூடிய தனி வீடு என்பதால், இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குட்டிப் பருவம் முடிந்ததும் நாயின் துறுதுறுப்பு கூடவே, அதை ஓடவிட்டுக் களைப்படையச் செய்வது என்று குடும்பம் முடிவு செய்திருந்தது. காலையில் தந்தை ஸ்கூட்டரில் செல்ல, சிட்டு கயிற்றில் உடன் ஓடியது. மாலையில் மொட்டை மாடியில் பந்து எறிந்து எடுத்துவரச் செய்தனர். முதலில் சிறிது நேரமாக இருந்தது பிறகு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இரவில் குழந்தைகள் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைத் தரையில் ஓட்டி விளையாடினர். ஒவ்வொரு மாதமும் ஓட்டம் கூடியது; ஒவ்வொரு மாதமும் நாயின் நிலை மோசமானது. சுற்றுச்சுவரை ஒட்டி அது ஓயாமல் ஓடியதில் புல் முளைக்காத ஒரு தடமே விழுந்திருந்தது. வாசலைக் கடக்கும் பால்காரரின் வண்டியை வாயிற்கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துரத்தியது. காலையில் காப்பி குடிக்கும்போது எவர்சில்வர் டம்ளரிலிருந்து சுவரில் தெறிக்கும் ஒளியை நோக்கிப் பாய்ந்தது. டம்ளரை எடுத்து வைத்த பிறகும், ஒளி விழுந்த இடத்தையே நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தக் கடைசிச் செய்தியைத் தாய் ஏதோ வேடிக்கைபோலத்தான் சொன்னார். என்னைப் பொறுத்தவரை, அன்று கேட்டவற்றுள் மிகவும் கவலை தந்தது அதுதான். பார்டர் கோலி வழி வந்த நாய்களில் ஒளியையும் நிழலையும் துரத்துவது நிறுத்த முடியாத பழக்கமாக இறுகிவிடக்கூடும்; பிடிக்கவே முடியாத இரையாகிய லேசர் புள்ளி அதற்கு வழி திறந்துவிடுகிறது.

பாட்டிக்கு வேறொரு வருத்தம் இருந்தது. "ஏனுங்க டாக்டர், எங்கூர்ல நாயி பகலெல்லாம் நெழல்ல படுத்தே கெடக்குமுங்க, இது ஒரு நிமிசம் நிக்கறதில்லீங்களே" என்றார். அவர் சொன்னது வெறும் புலம்பல் அன்று. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் ஆடுமாடுகள் அடைப்புக்குள்ளேயே மேய்கின்றன. அவற்றை ஓட்டித் திருப்ப நாய் வேண்டியதில்லை. பிற மாவட்டங்களில் வயல்வயலாகக் கிடை போடும் ஆட்டிடையர்களான கீதாரிகளிடத்திலும் ஆட்டை ஓட்டுவது மனிதரின் கோலும் குரலும்தான். நாயின் வேலை இரவுக் காவல். பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும் காவல் நாயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் எதிரசைவு செய்யப் பொறுக்கியெடுக்கப்பட்ட நாய் விளங்காமல் போனதில் வியப்பில்லை.

உடல் பரிசோதனை

செவித்திறன், பார்வை, மூட்டுகள், முதுகு ஆகியவற்றில் குறையில்லை. தொடும்போது எங்கும் வலி காட்டவில்லை. வலி உள்ள நாய் எரிச்சலுடன் கவ்வும் என்பதால் நடத்தை பற்றிப் பேசுமுன் இதை உறுதி செய்துகொள்வது அவசியம். முன்னங்கால் பாதங்களின் மெத்தைப் பகுதி தேய்ந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. தார்ச்சாலையில் ஸ்கூட்டருடன் ஓடியதன் விளைவு அது. காதோரங்களில் உண்ணிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை.

உண்ணி என்றதும் ஓர் ஊசி போட்டுவிடுங்கள் என்று குடும்பம் கேட்டது. நம் ஊரில் உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி தாராளமாகப் போடப்படுகிறது. கோலி வழி வந்த நாய்களில் இந்தத் தாராளம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மூளைக்குள் மருந்து புகாதவாறு அதை வெளியேற்றும் புரதத்துக்கான எம்டிஆர்1 மரபணுவில் சில மேய்ப்பு நாய் இனங்களுக்குப் பழுது உண்டு என்பதை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் கண்டறிந்தனர். கோலி இனத்தில் பத்தில் ஏழு நாய்களுக்கும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறத்தாழப் பாதிக்கும் இந்தப் பழுது இருக்கிறது. பார்டர் கோலியில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. இதயப்புழுத் தடுப்புக்குத் தரும் மிகச் சிறிய அளவு அத்தகைய நாய்களையும் பாதிப்பதில்லை; சொறிக்குத் தரும் அளவோ தள்ளாட்டம், பார்வை இழப்பு, வலிப்பு, சுயநினைவிழப்பு வரை கொண்டுபோகும். மனிதர்களின் வயிற்றுப்போக்குக்கான லோபரமைடு மாத்திரையும் இவற்றுக்கு ஆகாது. சிட்டுவின் தந்தை வழி தெரியாத நிலையில், விகிதம் குறைவு என்று நம்பி ஊசி போட நான் விரும்பவில்லை. வாயின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, இந்தப் பழுதுள்ள நாய்களுக்கும் உரிய அளவில் பாதுகாப்பான ஃப்ளூரலேனர் மாத்திரையை உண்ணிக்குக் கொடுத்தோம். பின்னர் வந்த முடிவு அந்த மரபணுவின் இரு பிரதிகளும் சீரானவை என்று காட்டியது. எனினும் சோதனை முடிவின் நகலை நாயின் தடுப்பூசி அட்டையுடனேயே வைக்கச் சொன்னேன். நள்ளிரவில் வேறொரு மருத்துவரிடம் ஓட நேர்ந்தால் அது பயன்படும்.

முற்றத்தில் கண்டது

மருத்துவமனை மேசையில் நாயின் நடத்தையை அறிய முடியாது என்பதால், வீட்டில் எடுத்த வீடியோக்களைக் கேட்டு வாங்கினேன். பிறகு நேரிலும் சென்று பார்த்தேன். சிறுமி முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து கிளம்பியதும் சிட்டுவின் தலை தோளுக்குக் கீழே தாழ்ந்தது. ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் மடிந்து நின்றது. வால் கீழே தொங்கியது. கண்கள் சிறுமியின் முகத்தை விட்டு அவள் குதிகாலில் நிலைத்தன. அவள் ஓடத் தொடங்கியபோது நாய் நேர்கோட்டில் துரத்தவில்லை. பக்கவாட்டில் அகன்று ஒரு வளைவாகச் சென்று, அவளுக்கும் வாயிற்கதவுக்கும் இடையில் வந்து நின்றது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. தம்பி எதிர்த்திசையில் ஓடியதும் அவனுக்குப் பின்னால் பாய்ந்தது. அங்கேதான் வாய் திறந்தது. கயிற்றைப் பிடித்திருந்ததால் தடுத்துவிட்டோம்.

உறுமல் இல்லை, பல் காட்டவில்லை, முதுகு மயிர் சிலிர்க்கவில்லை. உணவுத் தட்டருகே சென்றாலும், தூங்கும்போது தொட்டாலும், பொம்மையை வாங்கினாலும் அந்த நாய் குழந்தைகளிடம் சிறிதும் சினம் காட்டவில்லை. கடித்த இடங்கள் யாவும் முழங்காலுக்குக் கீழே, பின்புறத்தில் இருந்தன. கடித்த நேரங்கள் யாவும் குழந்தைகள் ஓடிய நேரங்கள்.

ஒரு வாரத்துக்கு நாய் உறங்கும் நேரத்தைக் குறித்து வைக்குமாறு கேட்டிருந்தேன். பாட்டி நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்துத் தந்ததைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்கூட வரவில்லை. அதுவும் துண்டுதுண்டாக இருந்தது. இந்த வயதில் நாய்கள் பொதுவாக 12 முதல் 14 மணி நேரம் வரை உறங்கும். மாலைப் பந்து விளையாட்டுக்குப் பின்வந்த இரண்டு மணி நேரத்தில் சிட்டு ஒருநாளும் படுக்கவே இல்லை என்பதும் அந்தக் குறிப்பில் தெரிந்தது.

மதிப்பீடு

வேட்டை விலங்கின் செயல் ஒரு தொடர்: இரையை நோக்குதல், கண்ணால் நிலைநிறுத்துதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். மேய்ப்பு நாய்களில் இந்தத் தொடரின் முற்பகுதி மிகைப்படுத்தப்பட்டும், பிற்பகுதி அடக்கப்பட்டும் இருக்கிறது என்பது அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விரிவாக எடுத்துரைத்த கருத்து. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் உருவான பார்டர் கோலியில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் கூர்மையானது. 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாய், குரைக்காமலும் கடிக்காமலும் கண்பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதற்காகப் புகழ்பெற்றது. இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலும் அதன் வழியில் வந்தவையே. 1906-இல் தொடங்கிய பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் தோற்றத்தைவிட வேலைத் திறனுக்கே முதன்மை தந்தது. மாடுகளை ஓட்டும் ஹீலர் வகை நாய்களிலோ குதிகாலைக் கவ்வுவது விட்டுவைக்கப்பட்டது, ஏனெனில் மாடு வெறும் பார்வைக்கு நகராது.

கலப்பினத்தில் இந்தக் கூறுகள் ஒரே கட்டாகச் சேர்ந்து வருவதில்லை. சிட்டுவிடம் தாயின் கண்ணும் பதுங்கலும் வளைந்தோடும் ஓட்டமும் தெளிவாக இருந்தன. கவ்வுதலை அடக்கும் தடை மட்டும் இல்லை. ஊகித்தபடி தந்தை நாட்டு நாய் என்றால், பிழைப்புக்காக வேட்டைத் தொடரை முழுமையாக வைத்திருக்கும் அந்த வழியிலிருந்து இது வந்திருக்கலாம். ஆனால் இனத்தை வைத்து நடத்தையைக் கணிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்தும், அவற்றுள் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவைப் படித்தும் செய்யப்பட்டு, 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களுக்கிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனம் விளக்குகிறது என்று காட்டியது. மனிதர் சொல்வதைக் கேட்டு நடக்கும் இயல்பில் மட்டும் இனத்தின் பங்கு ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்தது. எனவே சிகிச்சைத் திட்டம் சிட்டுவின் வம்சத்தை நம்பி வகுக்கப்படவில்லை. முற்றத்தில் கண்டதையும் பாட்டியின் குறிப்பையும் வைத்தே வகுக்கப்பட்டது.

என் முடிவு இதுதான்: சிட்டுவுக்கு ஓட்டம் குறைவாக இல்லை, மிகுதியாக இருந்தது. பந்து எறிதல், ஸ்கூட்டர் ஓட்டம், லேசர் ஆகிய மூன்றும் வேட்டைத் தொடரில் துரத்தல் என்ற ஒரே கண்ணியை நாள்தோறும் பயிற்றுவித்தன. நிறுத்துவதற்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. உடல் வலுவடைய, ஓடும் தூரமும் கூடிக்கொண்டே போனது. உறக்கமின்மை மீதித் தடைகளையும் தளர்த்தியது. ஆட்டு மந்தையோடு வேலை செய்யும் பார்டர் கோலியைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: அதன் வேலை நேரத்தில் பெரும்பகுதி ஓட்டம் அன்று, படுத்துக் காத்திருப்பதும், சொல் வந்ததும் எழுவதும், வேலை முடிந்தது என்ற சொல் வந்ததும் ஆடுகளை விட்டுவிட்டு ஆயனிடம் திரும்புவதுமே ஆகும். அந்த முடிவுச் சொல் இந்த வீட்டில் இல்லை.

செய்த மாற்றங்கள்

முதலில் பாதுகாப்பு. பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தால் ஒழிய, குழந்தைகள் ஓடி விளையாடும்போது நாய் உள்ளே இருக்க வேண்டும். நாய் தாழ்ந்து பார்க்கத் தொடங்கினால் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்குமாறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கத்திக்கொண்டு ஓடுவதைவிட ஆறு வயதுப் பையனுக்கு இது கடினம், அதனால் அவனை மட்டும் நம்பி எதையும் விடவில்லை. மின்னதிர்வுக் கழுத்துப்பட்டை போடுமாறு பயிற்சியாளர் ஒருவர் இவர்களுக்கு ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தார். குழந்தை ஓடும் கணத்தில் நாய்க்கு வலி கொடுத்தால், அது அந்த வலியைக் குழந்தையோடு சேர்த்துக்கொள்ளும். இதுவரை சினமே இல்லாத இடத்தில் சினம் பிறக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கமும் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் இத்தகைய கருவிகளைத் தவிர்க்கவே சொல்கிறது.

லேசர் விளக்கு அன்றே குப்பைக்குச் சென்றது. ஸ்கூட்டர் ஓட்டம் நின்றது. பந்து விளையாட்டை முழுவதுமாக நிறுத்தச் சொன்னபோது தந்தை தயங்கினார். நாய்க்கு இருக்கும் ஒரே மகிழ்ச்சியைப் பறிப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரு மாதம் நிறுத்திப் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். இடையில் கோடையும் வந்தது. ஏப்ரலில் வெயில் 36, 37 டிகிரியைத் தொடும் ஊரில், நிறுத்தத் தெரியாத நாயை மாடித் தளத்தில் ஓடவிடுவது வெப்ப அதிர்ச்சியில் கொண்டுபோய் விடும் என்பதும் என் பக்கத்தில் ஒரு வாதமாக அமைந்தது.

ஓட்டத்துக்குப் பதிலாக, விடியற்காலையில் நீளக் கயிற்றில் மெதுநடை. எங்கு மோப்பம் பிடிக்க விரும்பினாலும் நின்று காத்திருக்க வேண்டும். உலர்தீவனத்தைத் தட்டில் போடாமல் முற்றத்துப் புல்லில் தூவினோம். சில நாள்களில் பழைய துண்டில் சுருட்டி வைத்தோம். தேடித் தின்ற பிறகு நாய் தானாகவே படுத்ததை இரண்டாம் வாரத்தில் பாட்டிதான் முதலில் கவனித்துச் சொன்னார். பிற்பகலில் தாயின் பணி மேசைக்கு அருகே ஒரு கோணிச் சாக்கு விரிக்கப்பட்டது; அதன்மேல் படுத்திருப்பதற்கு மட்டுமே தீனி. கேரன் ஓவரால் என்ற நடத்தை மருத்துவர் வகுத்த, நாயை அமைதியாக இருக்கப் பழக்கும் பதினைந்து நாள் வரிசைப் பயிற்சியைக் குடும்பத்துக்கு ஏற்றவாறு சுருக்கிக் கொடுத்தோம். சாக்கின்மேல் நாய் படுத்திருக்க, ஒருவர் ஓரடி விலகி வருவார், பிறகு கைதட்டுவார், பிறகு கதவைத் திறந்து மூடுவார், இறுதியில் குழந்தைகள் அறைக்குள் ஓடுவார்கள்.

வேலை என்று ஒன்றும் தந்தோம். ஜெர்மனியில் தோன்றிய ட்ரைபால் என்ற விளையாட்டில், நாய் பெரிய ரப்பர் பந்துகளை மூக்காலும் தோளாலும் தள்ளி ஓர் இலக்குக்குள் சேர்க்கிறது. துரத்தலும் வளைவோட்டமும் இதில் உண்டு, ஆனால் ஒவ்வொரு நகர்வும் ஒரு சொல்லுக்குப் பிறகே. சிறுமி இதை ஆர்வத்துடன் எடுத்துக்கொண்டாள். "இரு" என்றால் எங்கிருந்தாலும் படுக்க வேண்டும்; "போதும்" என்றால் பந்தை விட்டுவிட்டு அவளிடம் வந்து சாக்குக்குப் போக வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்தான். நாய் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது சிறுமிக்கு நாயைவிடக் கடினமாக இருந்தது.

நண்பர் ஒருவரின் ஆட்டுப்பட்டியில் சிட்டுவை விட்டால் ஆசை தீரும் என்ற யோசனையும் வந்தது, நான் ஒப்பவில்லை. நிறுத்தச் சொல் உறுதியாகாத, கவ்வும் நாயை ஆடுகளிடையே விட்டால் சினையாடு கருச்சிதைவது முதல் குட்டி காயப்படுவது வரை நட்டம் ஆட்டுக்காரருக்கே.

தொடர் கவனிப்பு

மே மாத வருகையின்போது உறக்கம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கியிருந்தது. சுவரோரத் தடத்தில் புல் தலைகாட்டியது. ஒளி துரத்துதல் குறையாவிட்டால் பதற்றத்தைத் தணிக்கும் ஃப்ளுவாக்ஸிடின் மருந்தைத் தொடங்குவது என்று வைத்திருந்தேன். காலை வேளையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டம்ளர்களைச் சமையலறையிலேயே வைத்துக் குடித்ததில் அது பெருமளவு தணிந்தது, மருந்து தேவைப்படவில்லை. பந்து எறிதலைத் தந்தை மீண்டும் தொடங்கவில்லை.

குழந்தைகளைக் கவ்வும் நிகழ்வுகள் ஜூனுக்குப் பிறகு நின்றன, தீபாவளி வரை. அன்று உறவினர் வீட்டுக் குழந்தைகள் நால்வர் வந்திருந்தனர். வெடிச்சத்தத்தில் இரவெல்லாம் உறங்காத நாய், மறுநாள் முற்றத்தில் ஓடிய ஒரு சிறுவனின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. தோலில் படவில்லை. உறக்கம் கெட்டால் தடை தளர்கிறது என்பதை இது இன்னொரு முறை உறுதிப்படுத்தியது. விருந்தினர் குழந்தைகளுடன் வரும் நாள்களில் சிட்டு பாட்டியின் அறையில் கதவடைத்து இருப்பது என்று முடிவாயிற்று. இருசக்கர வண்டிகளைத் துரத்தும் ஆசை போகவில்லை. வாயிற்கதவின் கம்பிகளுக்குப் பின்னால் தகடு அடித்து, வண்டி கண்ணில் படாதவாறு செய்ததில் கதவோர ஓட்டம் நின்றதே தவிர, தெருவில் நடக்கும்போது கயிறு இன்னும் விறைக்கிறது. அது முழுமையாக மறையும் என்று நான் குடும்பத்துக்கு வாக்களிக்கவில்லை.

நாயை வேறிடம் கொடுத்துவிடலாமா என்று முதல் வருகையில் தாய் தனியாகக் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு எல்லா வீடுகளுக்கும் ஒரே பதில் இல்லை. பகலில் ஆளில்லாத வீடு, நடை பழகும் குழந்தை, சினத்தோடு கடிக்கும் நாய் என்றிருந்தால் நான் வேறுவிதமாகப் பேசியிருப்பேன். இங்கே பகல் முழுதும் வீட்டில் இருவர் இருந்தனர். அவர்களுள் பாட்டி, பேசாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் தம் வழக்கத்தாலேயே, நாய்க்கு ஓய்வு பழக்குவதில் மற்ற எவரையும்விட மிகுதியாக உதவினார்.

ஜனவரி வருகையில் குடும்பம் ஒரு புதிய கேள்வியுடன் வந்தது: தோப்பில் அதே தாய்க்கு மறுபடியும் குட்டிகள் பிறந்துள்ளன, துணைக்கு ஒன்றை எடுக்கலாமா? இப்போது வேண்டாம் என்றேன். தெருவில் வண்டி கடக்கும்போதும் "இரு" என்ற சொல்லுக்குச் சிட்டு படுக்கும் வரை, ஓடும் குட்டி அதற்கு அடுத்த மந்தையாகத்தான் இருக்கும். குட்டியோ சிட்டுவிடமிருந்து முதலில் கற்பது வாயிற்கதவோர ஓட்டமாகத்தான் இருக்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, தெருவில் எடுத்த வீடியோவோடு வருமாறு சொல்லி அனுப்பியிருக்கிறேன்.